வேறு வாரிசு இல்லை

பத்திர எழுத்தர் தட்டச்சு செய்து கொடுத்த தாளில்
நான்காவது பத்தி இப்படி முடிகிறது:
'மேற்படியாருக்கு வேறு வாரிசு யாரும் இல்லை.'
கீழே என் கையெழுத்துக்கு இடம்.
காக்காமார் மூன்று பேரும் போட்டுவிட்டார்கள்.
வெளியே இறால் கம்பெனிக்காரர்
வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

பெரிய சொத்தொன்றும் இல்லை.
கீழக்கரைக்கு மேற்கே, ஏர்வாடி சாலையோரம்
உப்புக் காற்றில் கருகிய முப்பத்தாறு தென்னை,
ஒரு கிணறு. தண்ணீர் கரிக்கும்.
ஆனால் மூலப் பத்திரத்தில்
அரபுத்தமிழில், ஓரமாக, வேறு மையில்
ஒரு வரி இருக்கிறது:
'கப்பலுக்குப் போன பக்கீர் நெய்னா வந்தால்
அவருக்கு ஒரு பங்கு.'
இருநூறு வருடத்துக்கு மேலாக
அந்த வரியைத் தாண்டித் தாண்டியே பிரித்திருக்கிறோம்,
வாசலில் படுத்த நாயைத் தாண்டுவது போல.

அவர் வரவில்லை.
எங்கே போனார் என்பது போன ரமலானில் தெரிந்தது.

பால்டிமோரில்
சம்பளம் கொடுக்காமல் கைவிடப்பட்ட
பதினோரு லஸ்கர்களில் ஒருவர்.
பிறகு ஒரு புகையிலைத் தோட்டம்.
பிறகு ஒரு செய்தித்தாள் விளம்பரம்,
காணாமல்போன குதிரைக்கும் பசுமாட்டுக்கும் நடுவில்:
'கிழக்கிந்தியன். குட்டை. காதுமடல் கிழிந்தவன்.
ஆற்றில் இறங்கினால் நெடுநேரம் வெளியே வரமாட்டான்.
செத்தான் என்று எண்ணித் திரும்பிவிட வேண்டாம்.
பிடித்துத் தருவோருக்கு ஆறு டாலர்.'

சங்கு குளித்த மூச்சு.
ஊரிலிருந்து அதை மட்டும்தான் கொண்டுபோயிருக்கிறார்.

பெயர் கேட்ட குமாஸ்தாவிடம் ஊரைச் சொல்லியிருக்கிறார்.
கில்கோர் என்று எழுதிக்கொண்டான்.
அவன் காதுக்குப் பழகிய ஸ்காட்லாந்துப் பெயர்.

ஒஹாயோவில் டோனா கில்கோருக்கு
பல் ஆஸ்பத்திரியில் வேலை.
சின்ன வயதில் கட்டம்போட்ட பாவாடை கட்டி
ஸ்காட்லாந்துக்காரர் திருவிழாவில் ஆடியிருக்கிறாளாம்.
எச்சிலைச் சோதனைக்கு அனுப்பினாள்.
முடிவில் எங்கள் ஜபருல்லா காக்கா மகன் வந்து நின்றான்.
'மன்னிக்கவும், பிழையாக இருக்குமோ?'
இதுதான் அவள் முதல் கடிதம்.

நீதிமன்றத் தாளைப் படமெடுத்து அனுப்பியதும் அவள்தான்.
ராச்சேல், நூல் நூற்பவள், ஒப்பந்தத்தில் கட்டுண்டவள்.
அவளுக்கும் இவருக்கும் மூன்று பிள்ளை.
தாயின் கட்டு பிள்ளைகள் தலையிலும் விழுந்தது,
முப்பத்தொரு வயது வரை.
எண்ணூறு ராத்தல் புகையிலை கொடுத்து
நடுப்பெண்ணை மட்டும் மீட்டிருக்கிறார்.
அடியில் குமாஸ்தாவின் குறிப்பு:
'எழுதத் தெரியாதவன். கிறுக்கல்.'

கிறுக்கலைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
வலமிருந்து
மேலே ஒரு புள்ளி, கீழே இரண்டு, திரும்ப மேலே ஒன்று,
கடைசியில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடு.
நெய்னா.
அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை
அப்புறம்தான் மூக்கில் ஏறியது.

மீட்ட பெண்ணின் பெயர் மைரா.
டோனா அப்படித்தான் எழுதுகிறாள்.
எழுத்துக் கூட்டிப் படித்தேன், மெதுவாக.
மீரா.

இங்கே மீரா உம்மா இருந்தாள்.
தலாக் இல்லை. இத்தா இல்லை.
மௌத்துச் செய்தி வராததால்
வெள்ளையும் உடுத்தவில்லை, சுமங்கலியாகவும் சிரிக்கவில்லை.
நாற்பது வருடம் அந்த நடுவிலேயே.
ஒரு மகன். நாங்கள் அவன் வழி.

என்ன மனிதர் நீங்கள்?
யார் பெயர் இது என்று ராச்சேல் கேட்டிருப்பாளே,
என்ன சொன்னீர்கள்? உம்மா பெயர் என்றா?
மூத்தவனையும் கடைக்குட்டியையும் விட்டு
அந்தப் பெயரை மட்டும் மீட்டீர்களே,
அது அன்பா, கடனா?
அல்லது விலை குறைவாக இருந்ததா?

அவருக்கு ஒதுக்கியது நாலு மரம்.
டோனா கணக்கில் அங்கே நூற்று அறுபத்திரண்டு பேர்.
ஆளுக்கு ஒரு கீற்றுகூடத் தேறாது.
காசு கேட்டு யாரும் வரப்போவதில்லை,
போடு ராத்தா, என்கிறார் எழுத்தர், பேனாவை நீட்டி.

'இல்லை' என்ற சொல்லை அடித்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
மூத்த காக்கா எழுந்து மின்விசிறியைப் பார்த்தார்.
அடித்தல் இருந்தால்
பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும் என்றார் எழுத்தர்,
வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

போட்டேன்.
வலமிருந்து.

வெளியே வண்டியை அணைத்தார்கள்.